படம் வரைஞ்சா மனசு சரியாகுமா? எங்க கரையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாம்பன்ல ஒரு சின்ன ஹால்ல சனிக்கிழமை சாயங்காலம் நாங்க கொஞ்ச பேரு பாய விரிச்சு உக்காந்து வரையுறோம், கிழிச்சு ஒட்டுறோம், ஓலை பின்னுறோம். மாசத்துல ரெண்டு வாட்டி மதுரையில இருந்து ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம் வருவாங்க, ஆர்ட் தெரபிக்குன்னு தனியா பயிற்சி எடுத்தவங்க. மத்த வாரம் அவங்க சொல்லிக்குடுத்த அளவுக்கு நான் பாத்துக்குவேன். நான் தெரபிஸ்ட் இல்ல, பதினேழு வருஷம் பால்வாடில வேலை பாத்தவ, அத முதல்லயே சொல்லிடுறேன்.

மீன் ஏலத்துல, பஸ்ல, கல்யாண வீட்டுப் பந்தியில, எங்க போனாலும் இதே சந்தேகத்ததான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, போன்ல சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப்போட்டேன், கேள்விய கேட்டவங்க வாயில வந்தபடியே வச்சிருக்கேன். நடுவுல சொல்ற சம்பவம் எல்லாம் அவங்கவங்ககிட்ட கேட்டுட்டுதான் போட்டிருக்கேன், ஊரும் உறவும் கொஞ்சம் மாத்தியிருக்கேன், யாருன்னு தேடாதீங்க.

ஆர்ட் தெரபின்னா என்னக்கா? ட்ராயிங் கிளாஸுக்கு ஸ்டைலா ஒரு பேரு, அம்புட்டுதானே?

இல்ல. ட்ராயிங் கிளாஸ்ல படம் நல்லா வரணும், மாஸ்டர் திருத்துவாரு, மார்க் உண்டு. இங்க படம் நல்லா வரணும்னு ஒண்ணுமே இல்ல. மனசுல கெடக்குறது சில பேருக்கு வாய்வழியா வராது, தொண்டையிலயே நிக்கும், அது கைவழியா வரட்டும்னு விடுறதுதான் இது. வந்ததுக்கப்புறம் அதப் பத்தி பேசணும்னா பேசலாம், பேசாமலும் இருக்கலாம், ஆனா பக்கத்துல அதக் கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பாங்க. அந்த ஆள் இல்லாம வீட்ல தனியா கலர் அடிச்சா அதுவும் நல்லதுதான், மனசு லேசாகும், ஆனா அதுக்குப் பேரு தெரபி இல்ல. கடையில விக்கிற கலரிங் புக்கும் அப்படித்தான்.

எனக்கு ஒரு கோடு கூட நேரா வராதே, நான் வந்து என்ன செய்ய?

வாங்க, இங்க யாருக்கும் நேரா வராது. எனக்கே பூனை வரைஞ்சா ஆடு மாதிரி வரும். நிஜமா சொல்றேன், நல்லா வரையத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது கஷ்டம், அவங்க கண்ணு படம் அழகா இருக்கான்னே பாத்துட்டு இருக்கும். பள்ளிக்கூடத்துல டிராயிங்ல பிரைஸ் வாங்குன ஒரு பையன் நாலு வாரம் சூரியன், மலை, வீடு, தென்னைமரம்னு அதையேதான் வரைஞ்சான். அஞ்சாவது வாரம் மேடம் அவன இடது கையால வரையச் சொன்னாங்க, கோணக்கோணையா வந்துச்சு, அவனுக்கே சிரிப்பு தாங்கல, அன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்க அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை பேசுனான்.

வந்தா என்னதான் செய்வீங்க, வரிசையா சொல்லுங்க

பெருசா ஒண்ணுமில்ல. வந்து உக்காந்ததும் டீ, அஞ்சு நிமிஷம் சும்மா கதை. அப்புறம் ஒரு சின்ன தூண்டல் குடுப்போம், "இன்னைக்கு உங்க மனசுக்குள்ள என்ன காத்து அடிக்குது?"ங்கிற மாதிரி. கடக்கரை ஆளுகளுக்கு இது நல்லா ஓடுது, உன் மனசு எப்படி இருக்குன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னு முடிச்சிருவாக, என்ன காத்துன்னு கேட்டா கச்சானா வாடையா கொண்டலான்னு யோசிப்பாக, யோசிச்சாலே பாதி வேலை முடிஞ்சுச்சு. முக்கா மணி நேரம் வரையுறது, ஒட்டுறது, களிமண்ணு பெசையுறது, அவங்கவங்க இஷ்டம். கடைசியில விருப்பப்பட்டவங்க மட்டும் படத்தக் காட்டி ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க, மத்தவங்க அதக் கேக்கலாம், ஆனா "அழகா இருக்கு"ன்னும் சொல்லக்கூடாது "நல்லால்ல"ன்னும் சொல்லக்கூடாது, அது ரூல்.

ஒருதடவை சின்னப்பாலம் பக்கத்துல இருந்து கடல்பாசி எடுக்குற ஒரு அக்கா வந்தாங்க. பாறையில கை கிழிஞ்சிரக் கூடாதுன்னு விரல்ல துணி சுத்திக்கிட்டுதான் தண்ணிக்குள்ள இறங்குவாங்க, அன்னைக்கும் கட்டு அவுக்காம அப்படியே வந்திருந்தாங்க, கிரையான புடிச்சா நுனி வலிக்குதுன்னாங்க. நான் என்ன செய்யன்னு முழிச்சேன். அவங்களே விரல்ல இருந்த ஈரத்துணிய அவுத்து நீலக்கலர்ல தோய்ச்சு தாள்ல வச்சு அமுக்குனாங்க, பத்து விரலுக்கும் பத்து துணி, பத்து நீலப்பட்டை. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்துட்டு "இதுல எட்டு எங்க வீட்டுக்கு, ரெண்டு வட்டிக்காரனுக்கு"ன்னாங்க. அவங்க வீட்டுக் கடன் கதைய அவங்க அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

இது வெள்ளக்காரன் சரக்குதானே, நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

பேரு வெளியில இருந்து வந்ததுதான். இங்கிலாந்துல ஏட்ரியன் ஹில்னு ஒரு ஓவியர், டிபி வந்து சானடோரியத்துல மாசக்கணக்கா படுத்திருந்தப்போ படுக்கையில இருந்தே வரைஞ்சு வரைஞ்சு தேறுனாரு, மத்த நோயாளிகளுக்கும் சொல்லிக்குடுத்தாரு, 1942ல இந்தப் பேர வச்சது அவருதான். அமெரிக்காவுல மார்கரெட் நாம்பர்க், ஈடித் கிரேமர்னு ரெண்டு பேரு இத ஒரு தொழிலாவே வளத்தாங்க. இதுல கிரேமரோட டீச்சர் கதைதான் எனக்கு மனசுலயே நிக்குது, ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ்னு யூத ஓவியர், நாஜிக்காரங்க அடைச்சு வச்சிருந்த தெரேசின் முகாம்ல புள்ளைங்களுக்கு வரையச் சொல்லிக்குடுத்தாங்க, 1944ல அவங்கள ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு கொண்டுபோய் கொன்னுட்டாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு சூட்கேஸ்ல ஒளிச்சு வச்ச கிட்டத்தட்ட 4,500 படம் இன்னைக்கும் இருக்கு.

ஆனா கையால ஒண்ணு செஞ்சு மனச ஆத்துறதுக்கு நம்ம ஊர்ல வெளிநாட்டுப் பேரு தேவைப்பட்டதில்ல. விடியக்காலம் புள்ளி வச்சு கோலத்த இழுக்குறப்போ எங்கம்மாகிட்ட யாரும் பேச முடியாது, அது அவங்க நேரம். பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் ஓலை பின்னுற இடத்துல கூடி உக்காந்து பேசுற பேச்ச கேட்டிருக்கீங்களா, கண்ணு ஓலையில இருக்குறதால வாயி தைரியமா பேசும். அதனால நாங்க கிரையான விட ஓலையும் கோலப்பொடியும்தான் அதிகமா வச்சிருக்கோம். சேருமான்னு கேட்டா, நாம எத எடுத்து வைக்கிறோமோ அதப் பொறுத்துதான் சேரும்.

சும்மா சொல்றீங்களா, இல்ல நெசமாவே ஆதாரம் இருக்கா?

இருக்கு, ஆனா எல்லாம் சாதகமா இல்ல, ரெண்டையும் சொல்றேன். 2016ல அமெரிக்காவுல ட்ரெக்சல் யுனிவர்சிட்டில 39 பேர 45 நிமிஷம் வரையவும் களிமண்ணு பெசையவும் விட்டு, முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசால்னு மன அழுத்த ஹார்மோன அளந்தாங்க. முக்கால்வாசிப் பேருக்கு குறைஞ்சுச்சு, முன்ன பின்ன வரைஞ்சே பழக்கம் இல்லாதவங்களுக்கும் குறைஞ்சுச்சு. ஆனா அது நல்லா இருந்தவங்கள வச்சு செஞ்ச சின்ன ஆராய்ச்சி, அத வச்சு டிப்ரஷன் போயிரும்னு சொல்லக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019ல 3,000க்கு மேல ஆராய்ச்சிகள தொகுத்து, கலைக்கும் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு இருக்குன்னு அறிக்கை போட்டிருக்கு.

இன்னொரு பக்கம், பிரிட்டன்ல ஸ்கிசோஃப்ரீனியாங்கிற மனச்சிதைவு நோய் இருக்குற 417 பேர வச்சு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2012ல முடிவு வந்துச்சு. வழக்கமான சிகிச்சையோட குரூப் ஆர்ட் தெரபியும் சேத்துக் குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல. வரச்சொன்ன பல பேரு ஒழுங்கா வரவே இல்லங்கிறதும் உண்மை. இத நான் மறைக்க மாட்டேன். துணைக்கு நல்லது, எல்லா நோய்க்கும் மருந்து இல்ல.

அப்போ தம்பிக்கு குடுக்குற மாத்திரைய நிறுத்திட்டு இங்க கூட்டிட்டு வரலாமா?

நிறுத்தாதீங்க. நிறுத்தவே நிறுத்தாதீங்க. மேல சொன்ன பிரிட்டன் ஆராய்ச்சில கூட வழக்கமான சிகிச்சைய நிறுத்தாம, அதோட சேத்துதான் இத குடுத்தாங்க. மாத்திரையால தூக்கமா வருது, உடம்பு பெருக்குது, கை நடுங்குதுன்னா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே போய் சொல்லுங்க, அளவ குறைப்பாங்க, வேற மாத்துவாங்க. ராமநாதபுரம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. கை நடுங்குறதால வரைய வரலன்னு சொன்ன ஒரு தம்பிக்கு நாங்க பெரிய பஞ்சு குடுத்தோம், நடுங்குனா அது பாட்டுக்கு அலை மாதிரி விழும்.

நாங்க ஏர்வாடி தர்காவுக்கு போறோம், அது தப்புன்னு சொல்லுவீங்களா?

சொல்ல மாட்டேன். இந்துவும் போறாக, கிறிஸ்துவங்களும் போறாக, அங்க உக்காந்தா மனசு அடங்குதுன்னு எத்தனையோ பேரு சொல்லிக் கேட்டிருக்கேன், அத எடுத்துப்போட நான் யாரு. நான் எதிர்க்கிறது சங்கிலிய. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலம் ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டியிருந்ததால தப்பிக்க முடியாம 28 பேரு செத்தாங்க. அன்னைக்கு எனக்கு கல்யாணமாகி நாலு மாசம், எங்க வீட்டுக்காரர் டீக்கடையில பேப்பர பாத்துட்டு வந்து சோறு சாப்பிடல. அதுக்கப்புறம்தான் நாடே திரும்பிப் பாத்துச்சு, சுப்ரீம் கோர்ட் தானாவே கேஸ எடுத்துச்சு. இப்ப 2017 மனநலச் சட்டத்துல 95வது பிரிவு தெளிவா சொல்லுது, மனநோய் இருக்குறவங்கள எந்த வகையிலயும் சங்கிலியால கட்டக்கூடாது. வீட்ல கட்டி வச்சாலும் அதே கொடுமைதான்.

இப்ப தர்கா பக்கத்துலயே அரசு மனநல டாக்டர பாத்து மாத்திரை வாங்குற ஏற்பாடு இருக்கு, தவா-துவான்னு சொல்றது, மருந்தும் ஓதலும் சேந்து. அதே மாதிரிதான் இதுவும், நீங்க ஓதுங்க, மெழுகுவத்தி ஏத்துங்க, மாத்திரை போடுங்க, சனிக்கிழமை இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருங்க. ஒண்ணு ஒண்ண தள்ளாது.

எங்க வீட்ல உருவம் வரையக்கூடாதுன்னு சொல்லுவாக, உம்மா விட மாட்டாக, நான் எப்படி வர்றது?

கீழக்கரையில இருந்து வந்த தங்கச்சி கேட்டது. உருவம் வரையணும்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க. கோடு, வளைவு, கலர், மருதாணி டிசைன், அரபி எழுத்து, ஓலைப்பெட்டியில வர்ற கட்டம் இதெல்லாமே மனசத்தான் பேசுது. மாப்பிள்ளை துபாயில, வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வர்றாருன்னு இருக்குற ஒரு லாத்தா மருதாணிக் கோன்ல தாள் பூரா ஒரே கொடிய வரைஞ்சாங்க, கொடி எங்கயும் முடியல, தாளோட ஓரத்துல போய் அப்படியே நிக்குது. மேடம் "இது அடுத்த தாள்லயும் போகுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த லாத்தா சிரிச்சுட்டு அழுதுட்டாங்க.

உங்க உம்மாவையே ஒருநாள் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பாக்கட்டும். பொம்பளைங்க மட்டும் உக்காருற வாரமும் தனியா இருக்கு.

எம்புள்ள எல்லாத்தையும் கருப்புலயே வரையுறான், ஏதாவது பிரச்சனையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் வாரத்துக்கு மூணு போன் வரும். யூடியூப்ல "கருப்புன்னா மனச்சோர்வு, சிவப்புன்னா கோபம், வீட்டுக்கு கதவு இல்லன்னா பயம்"னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டாரு, அத நம்பி தாய்மாரெல்லாம் நோட்ட புரட்டிட்டு இருக்காங்க. அப்படி ஒரு அகராதியே கிடையாது. படத்த வச்சு ஆள ஜோசியம் பாக்காதீங்க. என்கிட்ட வந்த ஒரு பையன்கிட்ட ஏன்டா கருப்புன்னு கேட்டேன், "மத்ததெல்லாம் தங்கச்சி உடைச்சிட்டா அத்தை"ன்னான்.

பையன் நல்லா சாப்பிடுறானா, தூங்குறானா, விளையாடப் போறானா, முன்னாடி எப்படி இருந்தான் இப்ப எப்படி இருக்கான், அதப் பாருங்க. அதுல மாற்றம் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கலர் என்னவா இருந்தாலும் சரி. படத்தப் பத்தி கேக்கணும்னா "இது என்ன?"ன்னு அதட்டாம "இதப் பத்தி எனக்கு சொல்றியா?"ன்னு கேளுங்க, சொல்லலன்னா விட்டுருங்க.

நான் டீச்சர். ஒரு பொம்பளப்புள்ள வரைஞ்ச படத்துல தப்பா ஏதோ தெரியுது, என்ன செய்யணும்?

மேல ஜோசியம் பாக்காதீங்கன்னு சொன்னேன்ல, அது இங்கயும் பொருந்தும், படத்த வச்சு யாரையும் குற்றவாளின்னு முடிவு பண்ணக்கூடாது. அதே நேரம் கண்டும் காணாம போகவும் கூடாது. புள்ளைய தனியா கூப்பிட்டு துருவித் துருவிக் கேக்காதீங்க, "அவன்தானே செஞ்சான்?"னு நீங்களா பேர எடுத்துக் குடுக்காதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க, அவளா சொன்னா சொன்ன வார்த்தையிலயே தேதியோட எழுதி வைங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிராதீங்க, ஏன்னா நீங்க சொல்லித்தான் ஆகணும்.

புள்ளைங்கள பாலியல் கொடுமையில இருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி சந்தேகம் வந்தாலே போலீஸ்ல தெரிவிக்கணும், நிரூபிக்கிறது நம்ம வேலை இல்ல. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுனா அடுத்து என்னன்னு சொல்லுவாங்க. ஊர்ப்பஞ்சாயத்துல பேசி முடிச்சிரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, நான் இத கோபமாத்தான் எழுதுறேன்.

நாங்க நடந்தத மறக்கத்தான் பாக்குறம், நீங்க ஏன் அதக் கிளறுறீங்க?

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாம்ல ஒரு அம்மம்மா கேட்டாங்க, 1990ல படகுல வந்தவங்க. நியாயமான கேள்வி. முகாம் பேரு 2021ல மறுவாழ்வு முகாம்னு மாறுச்சு, மனசுல இருக்குறது அப்படி ஒரே நாள்ல மாறாது. நாங்க கிளறுறதில்ல. "போர வரைங்க, படகுல வந்தத வரைங்க"ன்னு ஒருநாளும் சொன்னதில்ல, அப்படிச் சொல்ற ஆளு யாராவது வந்தா கதவ சாத்துங்க. பட்ட கஷ்டத்த திடீர்னு முழுசா இழுத்து வெளிய போட்டா அந்த ஆளு அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டாரு. முதல்ல பத்திரமான இடம், பழகுன முகம், பிடிச்ச கலர், இதுதான் பல வாரம். அது தானா வந்தா வரும், வராமலே போனாலும் ஒண்ணும் குறையல.

அந்த அம்மம்மா கடைசி வரைக்கும் ஊர விட்டு வந்தத வரையல. அவங்க வரைஞ்சது ஒரு கிணறு, கிணத்துக்குப் பக்கத்துல ரெண்டு கமுகமரம், துலா, எல்லாம் வாரவாரம் அதே கிணறு. எட்டாவது வாரம் கிணத்துக்கு ஒரு வாளி வந்துச்சு. அத என்னன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

தனுஷ்கோடி புயல்ல தப்பிச்ச எங்க தாத்தாவ வச்சு படம் வரைய வச்சு வீடியோ எடுக்கலாமா, நல்லா ரீச் ஆகும்

வேண்டாம்யா. 1964 டிசம்பர் 22 ராத்திரி நடந்தத அவரு சொல்லணும்னு நினைச்சா ஒரு நல்ல நாள்ல உங்ககிட்ட சொல்லுவாரு, நீங்க கேட்டு எழுதி வைங்க, அது பொக்கிஷம். தெரபின்னு சொல்லி கேமராவ நீட்டாதீங்க.

எங்க வீட்டு ஆம்பளை இதுக்கெல்லாம் வரமாட்டாரே, சிரிப்பாரு

சிரிக்கட்டும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கும், ஆம்பளைங்க வேலை இல்லாம கெடப்பாங்க, குடியும் சண்டையும் கூடுறது அப்பதான்னு எங்க தெருவுல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவா. அந்த ரெண்டு மாசம்தான் நாங்க ஆம்பளைங்கள பிடிக்கிற நேரம். ஹாலுக்கு கூப்பிட மாட்டோம், வலை பின்னுற இடத்துக்கே போவோம். பேப்பரெல்லாம் கிடையாது, பழைய வலை, கயிறு, மிதவை, கிழிஞ்ச பாய்மரத்துணி.

எல்லை தாண்டுனான்னு பிடிச்சுட்டுப் போய் இலங்கை சிறையில மாசக்கணக்கா இருந்துட்டு வந்த ஒரு அண்ணன், வந்ததுல இருந்து வீட்ல யார்கூடயும் பேச்சில்ல, படகும் அங்கயே போச்சு. அவரு வலைய எடுத்துக்கிட்டு உக்காந்தாரு, எல்லா கண்ணியும் ஒழுங்கா பின்னிட்டு நடுவுல மட்டும் ஒரு ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டைய அப்படியே விட்டாரு. பக்கத்துல இருந்த பெரியவரு "இதுல மீன் நிக்காதேடா"ன்னாரு, "நிக்க வேண்டாம் சித்தப்பா, போகட்டும்"னாரு. அவ்வளவுதான் பேசுனாரு, ஆனா அன்னைக்கு ராத்திரி வீட்ல சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். இதுக்கு அர்த்தம் சொல்லச் சொல்லி என்னக் கேக்காதீங்க, கருப்புக் கலர் கேள்விக்கு சொன்ன அதே பதில்தான்.

குடிய நிறுத்துறதுக்கு இது மட்டும் போதாது, அதுக்கு தனி சிகிச்சை இருக்கு. திடீர்னு நிறுத்துனா வலிப்பு கூட வரலாம், டாக்டரோட துணையிலதான் நிறுத்தணும்.

நான் வரைஞ்சத யாரெல்லாம் பாப்பாங்க? வாட்சப்ல போட்டுருவீங்களா?

உங்க படம் உங்களுக்கு சொந்தம். கிழிக்கலாம், எரிக்கலாம், வீட்டுக்கு கொண்டுபோகலாம், இங்கயே டிரங்குப் பெட்டியில வச்சுட்டுப் போகலாம். பெட்டிச் சாவி என்கிட்டயும் மேடம்கிட்டயும்தான். உயிருக்கு ஆபத்து, புள்ளைக்கு ஆபத்துங்கிற ரெண்டு விஷயத்துல மட்டும் நாங்க வெளிய சொல்ல வேண்டி வரும், அத முதல் நாளே சொல்லிருவோம்.

வாட்சப்புன்னதும் என் தப்பையும் சொல்லிடுறேன். ஆரம்பத்துல ஒரு சின்னப்புள்ள வரைஞ்ச படகு அவ்வளவு அழகா இருந்துச்சுன்னு ஸ்டேட்டஸ்ல போட்டேன், பேரு போடல, ஆனா படகுல இருந்த நம்பர பாத்து தெருவே கண்டுபிடிச்சிருச்சு, அது அவங்க அப்பா போய் திரும்பி வராத படகு. அந்தத் தாய் வாசல்ல வந்து நின்னு ஒரு வார்த்தை திட்டல, போன நீட்டி "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு மட்டும் கேட்டா. அதுல இருந்து செஷன் நேரத்துல என் போனும் டிரங்குப் பெட்டிக்குள்ளதான்.

காது கேக்காத புள்ள, ஆட்டிசம் இருக்குற புள்ளைய எல்லாம் சேப்பீங்களா?

சேப்போம், பேச்சு வராத இடத்துலதான் இது நல்லா உதவுது. ஆனா ஆட்டிசம் புள்ளைக்கு களிமண்ணு பிசுபிசுப்பு பிடிக்காம கத்தலாம், கூட்டம் ஆகாம போகலாம், அதனால முதல்ல தனியா வரச்சொல்லி அவனுக்கு எது ஒத்துக்குதுன்னு பாப்போம். ஸ்பீச் தெரபி, மத்த பயிற்சி எதையும் இதுக்காக விட்றாதீங்க. திருநங்கை அக்காமாரும் ரெண்டு பேரு வர்றாங்க, அதப் பத்தி யாருக்காவது பிரச்சனைன்னா அவங்க வேற நாள் வரலாம், அந்த அக்காமாரு நாள மாத்த மாட்டாங்க.

எவ்வளவு காசு? என்னென்ன வாங்கணும்?

நாங்க காசு வாங்குறதில்ல. வீட்ல செய்யணும்னா பழைய காலண்டர் பின்பக்கம், கரித்துண்டு, மஞ்சள், காப்பித்தூள், கோலப்பொடி, நியூஸ்பேப்பர், மைதாப் பசை, இதுவே தாராளம். ஒண்ணே ஒண்ணு, கடக்கரையில பொறுக்கி ஒட்டலாம்னு பவளப்பாறைத் துண்ட எடுத்துட்டு வராதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா பக்கத்துலயே இருக்கோம், பவளம் வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, எடுத்தா கேஸ். சங்கு சிப்பியிலயும் சில வகைக்கு அதே சட்டம்தான், எது எதுன்னு தெரியலன்னா தொடாம இருக்குறது நல்லது.

நானே எங்க ஊர்ல இந்த மாதிரி ஆரம்பிக்கலாமா? தெரபிஸ்ட்டுன்னு சொல்றவங்கள எப்படி நம்புறது?

கூடி வரையுற வட்டம்னு தாராளமா ஆரம்பிங்க, தெரபின்னு போர்டு மட்டும் போடாதீங்க. நாங்களே மேடம் வர்ற வாரத்தத்தான் தெரபின்னு சொல்லுவோம், மத்த வாரம் வெறும் சனிக்கிழமை வட்டம். யாராவது உடைஞ்சு அழுதா அடுத்து யாருக்கு போன் பண்ணுவீங்கன்னு உங்களுக்கு பதில் தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா அத முதல்ல ஏற்பாடு பண்ணுங்க.

தெரபிஸ்ட்டுன்னு வர்றவங்ககிட்ட எங்க படிச்சீங்க, எத்தனை மாசம், யாருக்கு கீழ பழகுனீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு சொன்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் குடுக்குற பதிவு நம்பர் இருக்கணும். ரெண்டு நாள் ஆன்லைன் சர்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு, படத்த பாத்ததும் "உங்க மாமியாரோட பிரச்சனை"ன்னு சொல்றவரு வந்தா, அவரு கிளி ஜோசியம் பாக்குறவருதான், கிளி மட்டும் இல்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு செத்துப்போகலாம்னு தோணுனா சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?

காத்திருக்காதீங்க. 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. அரசு மருத்துவ உதவி எண் 104லயும் பேசலாம். பக்கத்துல தூங்குறவங்கள எழுப்புங்க, தூக்கம் கெடட்டும். கையில மாத்திரை, பூச்சி மருந்து, கயிறு இருந்தா அத வேற ஒருத்தர்கிட்ட குடுத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணுனா போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்காங்க, 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவு அந்த ஆளு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது. தைரியமா கூட்டிட்டுப் போங்க.

எத்தனை வாரம் வரணும்? எப்ப நிறுத்தலாம்?

எட்டு வாரம் வந்து பாருங்கன்னு மேடம் சொல்லுவாங்க, அதுக்கப்புறம் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். சில பேரு மூணே வாரத்துல போதும்னு போயிருக்காங்க, ஒரு ஆச்சி ரெண்டு வருஷமா வர்றாங்க, டீக்காகத்தான் வர்றேன்னு அவங்களே சொல்லுவாங்க. நிக்கணும்னு முடிவு பண்ணுனா திடீர்னு நிக்காம ரெண்டு வாரம் முன்னாடி சொல்லுங்க, கடைசி நாள் உங்க படத்த எல்லாம் தரையில வரிசையா பரப்பி வச்சு பாப்போம், எத எடுத்துட்டுப் போறீங்க எத விட்டுட்டுப் போறீங்கன்னு நீங்களே பிரிச்சுக்கலாம். விட்டுட்டுப் போறத ஒரு வருஷம் பெட்டியில வச்சிருப்போம், அப்புறம் போன் பண்ணி கேப்பேன். நம்பர் மாத்துனா மட்டும் தயவுசெஞ்சு சொல்லிட்டு மாத்துங்க, இப்பவே பெட்டியில யாரு படம்னு தெரிஞ்சும் குடுக்க முடியாம பதினோரு படம் கெடக்கு.